தெருவில் கரைந்த ஐஸ்

1997இல் கலைஞர் பிரான்சிஸ் ஆலிஸ் மெக்சிகோ நகரத் தெருக்களில் பெரிய ஐஸ் பாளம் ஒன்றைத் தள்ளிக்கொண்டே போனார். முதலில் குனிந்து, இரு கைகளாலும் முழுப் பலத்தோடு. கடைசியில் கூழாங்கல் அளவே மிஞ்சியதைக் காலால் எற்றிக்கொண்டு. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்தும் தரையில் நின்றது கொஞ்சம் ஈரம்தான்.

வீண் வேலையா? இல்லவே இல்லை. பெல்ஜியத்தில் பிறந்து, கட்டடக் கலை படித்து, மெக்சிகோவில் குடியேறிய ஆலிஸ், வண்டி தள்ளிப் பிழைக்கும் தெரு வியாபாரிகளை ஆண்டுக்கணக்கில் படமெடுத்தவர். அவர்களுடைய அன்றாட உழைப்பில் என்னதான் மிஞ்சுகிறது என்று கேட்கிறது அந்த ஐஸ். நகரத் திட்டம் போடுகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படைப்பு இது.

சாமானியர்களின் உழைப்பிலிருந்து கலை படைக்கும் இன்னொருவர் மெக்சிகோ கலைஞர் ஆபிரகாம் குரூஸ்வியேகாஸ். அவருடைய கலைக்கு ஊற்று, அவர் வளர்ந்த வீடு. மெக்சிகோ நகரத்தின் அஹூஸ்கோ பகுதியில், எரிமலைப் பாறைமேல், கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு, தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றோர் எழுப்பியது.