விடுபட்ட குப்பங்கள்

தமிழ்நாட்டின் கரையோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைவு குறித்து 2023 ஆகஸ்டில் கடலோர மாவட்டங்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. தங்கள் ஊர்களும் தொழிலிடங்களும் அதன் வரைபடத்தில் முறையாக இல்லை என்று மீனவர்கள் அங்கே கொதித்தார்கள். இப்படி விடுபட்டதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. மீனவர் ஊர்களோடு படகுத்துறை, ஐஸ் ஆலை, மீன் காயவைக்கும் களம் வரை குறிக்கப்பட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையே சொல்லிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் அதற்கு மல்லுக்கட்ட வேண்டியிருந்தால், அது அநீதிதான்.

விடுபட்டால் என்ன ஆகும்? மக்கள் நெருக்கமான கிராமப்புறக் கடற்கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது 2019 அறிவிக்கை. இந்த நிலையில் களம் பதிவாகவில்லை என்றால் காகிதத்தில் அது வெறும் மணல். வெறும் மணலைத் தேடித்தான் விடுதிக்காரர்கள் வருவார்கள்.

விடுபட்டதற்குச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பழி போட்டுப் பயனில்லை. மாசியில் எடுத்த படத்தில் கரை அகலமாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் ஏறிவருவதால் படகுகளை வீட்டு வாசல் வரை இழுத்துப் போடும் நாட்கள் அதில் தெரியாது. கரைவலையின் இரு முனைகளிலும் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு இழுக்க நீண்ட கரை வேண்டும். வலை இல்லாத நேரத்தில் அது சும்மா கிடக்கும் இடமாகத்தான் படத்தில் விழும். பழவேற்காடு ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் பாடு முறையை எந்தக் கேமரா பிடிக்கும்? தண்ணீருக்கும் பங்கு பிரித்து வாழ்கிறவர்களிடம் கேட்காமல் அங்கே கோடு கிழிக்க எவருக்கும் உரிமையில்லை.

கேட்டால் சொல்ல ஆள் இல்லையா? சென்னை ஊரூர் குப்பத்தில் மீனவ இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு நடந்து தங்கள் கரையை வரைந்திருக்கிறார்கள். வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வேண்டாம் என்று 2021 பிப்ரவரியில் மத்திய அரசே விதிகளைத் தளர்த்தியது. வரைவதற்கு அனுமதி உண்டு, வரைந்ததற்கு மதிப்பில்லை என்பது என்ன நியாயம்?

ஊர் கூடி வரைவதிலும் சிக்கல்கள் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து வரைந்தால், கருவாடு போடும் பெண்களின் இடம் மறுபடியும் விடுபடும். மீன் கூடும் பார்களைப் பொதுவில் போட்டால் விசைப்படகுகளுக்கு வழி காட்டியதாகிவிடும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். இவையெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. அதிகாரிகள் வரைந்து முடித்துவிட்டு, ஒரு நாள் கூட்டம் போட்டு, ஆட்சேபணைகளைக் கோப்பில் கட்டி வைப்பதற்கு இந்தச் சிக்கல்களைச் சாக்காகச் சொல்லக்கூடாது.

இனி எந்தக் கரையோர வரைபடமும் தமிழில், சர்வே எண்களோடு, ஒவ்வொரு ஊரிலும் வரைவு முடிவாகும் முன்பே விரிக்கப்பட வேண்டும். ஊர் வரைந்தது அதன் இணைப்பாகப் போக வேண்டும். ஏற்காத ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் எழுத்தில் காரணம் வேண்டும். இவை இல்லாத வரைபடத்துக்கு மாநில அரசு ஒப்புதல் கேட்டு டெல்லிக்குப் போகக்கூடாது.