சொந்தத் தோட்டத்துப் புகையிலை சுத்தமானதா?

மாசி, பங்குனி மாதங்களில் திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத் தோட்டங்களின் ஓரமாக நடந்து போகிறவர்களுக்கு ஒரு வாசனை நன்றாகத் தெரிந்திருக்கும். அறுத்த புகையிலைச் செடிகளைப் பந்தலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் காலம் அது. காய்ந்த இலையை அடுக்கிப் பாடம் போட்டு, சில வாரம் கழித்துப் பிரிக்கும்போது, கருப்பட்டிப் பாகும் பழைய மரப்பெட்டியும் கலந்தாற்போல் ஒரு மணம் எழும். அந்த மணத்தில் மயங்காத புகையிலை விவசாயி இல்லை.

அறுவடையில் நல்ல இலைகளாகப் பார்த்துச் சிலவற்றை வீட்டுக்கென்று எடுத்து வைப்பது நம் விவசாயிகளின் நெடுநாள் பழக்கம். அதற்குத் தனிக் கவனிப்பு உண்டு. கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, ஓலைப்பாயில் சுற்றிப் பரணில் வைப்பார்கள். "கடைச் சரக்கில் என்னென்னவோ மருந்து கலக்கிறான் சார். இது என் தோட்டத்து இலை, என் கையால் போட்ட பாடம். இதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?" என்று கேட்பவர்களை நான் பல ஊர்களில் சந்தித்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லவே இக்கட்டுரை. கெடுதல் வெளியிலிருந்து வந்து கலப்பதில்லை. பாடம் போடும் அடுக்குக்குள்ளேயே அது பிறக்கிறது.

பாடத்தில் நடப்பது என்ன?

நட்டு 110 முதல் 120 நாட்களில், இலையில் செம்பழுப்புப் புள்ளி விழுந்து, சுருக்கம் கண்டு, மடக்கினால் ஒடியும் பதம் வருகிறது. மாலை வேளையில் செடியை அடியோடு அறுத்து, இரவு முழுதும் வயலிலேயே வாட விட்டு, பிறகு பந்தலில் தொங்கவிடுகிறோம். அறுத்த இலை உடனே செத்துவிடுவதில்லை. சில நாள் உயிரோடிருந்து, தன்னிடமுள்ள மாவுச் சத்தைச் சர்க்கரையாக்கிச் செலவழிக்கிறது. பச்சையம் மறைந்து பழுப்பு நிறம் வருகிறது. அவசரப்பட்டுச் சுள்ளென்று காயவிட்டால் பச்சை நிறம் அப்படியே நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது பாடம். இலையை மிதமான ஈரப்பதத்தில் அடுக்கி மூடியதும் அடுக்கு தானாகவே சூடேறுகிறது. இலையில் எஞ்சிய நொதிகளும், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் வேலை செய்கின்றன. புரதம் சிதைந்து அம்மோனியா வெளியேறுகிறது. அடுக்கைப் பிரிக்கும்போது கண் எரிவது இதனால்தான். காட்டம் குறைகிறது, மணம் ஏறுகிறது. சில நாளுக்கொருமுறை உள்ளே இருந்ததை வெளியேயும், வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவது, ஒரே இடத்தில் வெப்பம் மிஞ்சி இலை கருகாமலும் பூசணம் பிடிக்காமலும் இருப்பதற்காக. நாலைந்து வாரத்தில் பாடம் முடிகிறது. வேதாரணியம் பகுதியில் இதே வேலையைக் குழியில் செய்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் குடிலில் தொங்கவிட்டுப் புகை போடுகிறார்கள். வழி வேறாயினும் விஷயம் ஒன்றே.

இது நம் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கலை. கைவைத்துப் பார்த்தே சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் திறமைக்கு என் படிப்பு ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சுகம் எங்கிருந்து வருகிறது?

நாள் முழுதும் கமலையும் மண்வெட்டியும் பிடித்த காலத்திலிருந்து நம் கிராமத்து உழைப்பாளிக்குப் புகையிலை ஒரு துணை. பசியை மட்டுப்படுத்துகிறது, தூக்கத்தை விரட்டுகிறது, திண்ணையில் நாலு பேர் கூடினால் பேச்சுக்கு வழி செய்கிறது. இதையெல்லாம் இல்லையென்று சொல்லி உபதேசம் செய்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

அந்தச் சுகத்தைத் தருவது நிக்கோட்டின். வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்வதால் வாயில் காரத்தன்மை ஏறி, நிக்கோட்டின் விடுபட்டு, கன்னத்தின் உட்தோல் வழியாகச் சீக்கிரம் இரத்தத்தில் கலக்கிறது. சுண்ணாம்பு கூடினால் "ஏறுகிறது" என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் இதுவே. நிக்கோட்டின் மனிதனை விடாமல் பிடித்துக்கொள்ளும் பொருள். காலையில் ஒரு தரம் போடாவிட்டால் தலை வலிப்பதும் எரிச்சல் வருவதும் அந்தப் பிடியின் அடையாளங்கள். மனவுறுதி இல்லாதவர் என்று அவரைத் திட்டுவதில் பயனில்லை.

மணம் பிறக்கும் இடத்திலேயே நஞ்சும் பிறக்கிறது

பயிருக்கு நாம் இடும் தழைச்சத்தின் ஒரு பகுதி, நைட்ரேட்டாக இலையிலும், குறிப்பாக நடுநரம்பிலும் தங்கி நிற்கிறது. உலரும்போதும் பாடத்திலும் சில வகைப் பாக்டீரியாக்கள் இந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டு, நிக்கோட்டினோடும் அதன் உறவுப் பொருட்களோடும் சேர்ந்து நைட்ரோசமைன்கள் என்ற கூட்டுப்பொருட்களை உண்டாக்குகிறது. பச்சை இலையில் இவை மிகச் சொற்பம். பதப்படுத்தும்போதும், பாடத்திலும், ஈரத்தோடு நாட்பட வைத்திருக்கும்போதும் பெருகுகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் அங்கமான சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மெல்லும் புகையிலையையும், இந்த நைட்ரோசமைன்களில் முக்கியமான இரண்டையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று ஐயமறக் கண்ட முதல் வகையில் வைத்திருக்கிறது. வாய், உணவுக்குழாய், கணையம் ஆகியவை பாதிக்கப்படும் உறுப்புகள். "புகையிலையை விட்டுப் பாக்கு மட்டும் போடுகிறேன்" என்பாரும் உண்டு. 2004இல் வெளிவந்த அதே நிறுவனத்தின் தொகுதி பாக்கையும் அதே வகையில் சேர்த்துவிட்டது.

ஆக, மருந்து கலக்காத இலை, கலப்படமில்லாத இலை என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது தீங்கில்லாத இலை ஆகாது.

பாடத்தைத் திருத்திக் கெடுதலைக் குறைக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஓரளவு முடியும். சுவீடன் நாட்டில் வாயில் அடக்கும் 'ஸ்னூஸ்' என்ற பொடியைப் புளிக்க விடாமல் ஆவியில் சூடாக்கிப் பாக்டீரியாவைக் கொன்று, குளிர்ச்சியில் வைத்து விற்கிறார்கள். அதில் நைட்ரோசமைன் மிகவும் குறைவு. நம் தோட்டத்தில் தழைச்சத்தை அளவோடு இடுவது, நடுநரம்பை நீக்குவது, ஈர இலையை மூட்டை கட்டி நாட்கணக்கில் போடாமல் இருப்பது ஆகியவையும் பயன் தரும். புகை போடும் முறையில் புகையிலுள்ள கரிப்பொருட்களும் இலையில் சேர்வதால், அது வெயிலில் உலர்த்துவதைவிட மோசம். ஆனால் எந்த முறையாலும் கெடுதலை இல்லாமல் ஆக்க முடியாது. குறைந்த நஞ்சும் நஞ்சே.

கையையும் மூச்சையும் காப்பது

வாயில் போடாதவருக்கும் புகையிலை வேலையில் ஆபத்து உண்டு. பனியிலோ மழையிலோ நனைந்த இலையைத் தொட்டு வேலை செய்தால் நிக்கோட்டின் தோல் வழியாக உள்ளே போகிறது. சில மணி நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், வாந்தி, சோர்வு வரும். வெயில் தாங்கவில்லை என்றோ, பூச்சிமருந்து ஏறிவிட்டது என்றோ நினைத்துக்கொள்கிறோம். நுனி கிள்ளும்போதும் பக்கக் கிளை ஒடிக்கும்போதும் அறுவடையின்போதும் இதை எதிர்பார்க்க வேண்டும்.

1. பனி காய்ந்த பிறகே தோட்டத்தில் இறங்குங்கள்.
2. முழுக்கைச் சட்டையும் ரப்பர் கையுறையும் அணியுங்கள். சட்டை நனைந்தால் உடனே மாற்றுங்கள்.
3. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகால் கழுவி, அதன் பிறகே சோற்றில் கை வையுங்கள்.
4. அடுக்கு பிரிக்கும்போதும், காய்ந்த இலையை உதறும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். தூசியும் பூசண வித்துக்களும் நுரையீரலுக்கு ஆகா. கொட்டகையில் காற்றோட்டம் வேண்டும்.
5. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இந்த வேலையில் சேர்க்கவே கூடாது. பாடம் போட்ட இலை குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. சிறிதளவு விழுங்கினாலும் ஆபத்து.
6. வாந்தி நிற்காவிட்டாலும், மூச்சு முட்டினாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். புகையிலை வேலை செய்தவர் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

நான் கேட்க மறந்த கேள்வி

முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் இளம் விரிவாக்கப் பணியாளனாக இருந்தபோது, ஒரு வயல் விழாவில் பாடம் போட்ட இலைகளைப் பார்வையிட்டு மதிப்பெண் போடும் வேலை எனக்கு வந்தது. ஒரு பெரியவரின் இலைக்கு முதல் மதிப்பெண் கொடுத்தேன். நிறமும் மணமும் அப்படி. அவர் மகிழ்ந்து போய், வீட்டுக்கென்று வைத்திருந்த இலையில் ஒரு கட்டு எனக்குத் தந்தார். சிரித்தபோது அவர் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகப் படை படர்ந்திருந்ததைப் பார்த்தேன். இலையைப் பற்றி அவரிடம் அரைமணி நேரம் பேசினேன். அந்தப் படையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது என் துறை அல்ல என்று இருந்துவிட்டேன்.

நாலைந்து ஆண்டு கழித்து அவரைப் பார்க்கப் போனபோது தாடையில் பாதியை எடுத்திருந்தார்கள். கஞ்சியைக் கூட அவர் மகள்தான் ஊட்டினாள். இரண்டு ஏக்கர் தோட்டம் வைத்தியச் செலவில் போய்விட்டது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "இலை நல்ல இலைதான் சார்" என்று மட்டும் குழறிச் சொன்னார். எங்களைப் போன்றவர்கள் விதை சொன்னோம், உரம் சொன்னோம், பாடத்தின் பக்குவம் சொன்னோம். அந்த இலை போய்ச் சேரும் வாயைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இப்போது எழுதுகிறேன்.

வாயில் வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ தெரிந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும், வாய் முன்போல் அகலத் திறக்காவிட்டாலும், வலியில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் வலி இருப்பதில்லை. அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். முதலிலேயே கண்டால் குணப்படுத்த வழியுண்டு. பழக்கத்தை விட நினைப்பவர்கள் 1800 11 2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

பயிரை விடச் சொன்னால் போதுமா?

விவசாயியின் பக்கத்தையும் பேச வேண்டும். திண்டுக்கல் வட்டாரத்தில் பல கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள். உப்புத் தண்ணீரில் விளைந்த புகையிலைக்கு மெல்லும் குணம் கூடுதல் என்பது அனுபவ உண்மை. மற்றப் பயிர் தயங்கும் தண்ணீரில் பணம் தரும் பயிர் என்பதால்தான் அது அங்கே வேரூன்றியது. வேடசந்தூரில் 1948 முதல் இதற்கென ஆராய்ச்சி நிலையமும் வைத்து அரசே வளர்த்த பயிர் இது.

2013 மே மாதம் தமிழக அரசு குட்கா, பான் மசாலா முதலிய புகையிலைப் பொருட்களின் தயாரிப்புக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. கோர்ட்டில் எந்தப் பக்கம் தீர்ப்பானாலும், பயிர் செய்தவனுக்கு மாற்று வழி என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சிகரெட்டுக்கான வர்ஜீனியா புகையிலைக்கு வாரியமும் ஏலமும் உண்டு. மெல்லும் புகையிலைக்காரனுக்கு வியாபாரியின் முன்பணம்தான் உண்டு. 2004இல் இந்தியா ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, விவசாயிகளுக்கு மாற்றுப் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பாதியை அரசு மறக்கலாகாது.

மாற்றுப் பயிர் சொல்பவர்களும் கிணற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும். உவர்நீர்க் கிணற்றுக்காரரிடம் வெங்காயம் போடு என்றால் அவர் நஷ்டப்படுவார். சோளம், பருத்தி, பீட்ரூட், தென்னை ஆகியவை உப்பைத் தாங்கும். நல்ல தண்ணீர் உள்ளவர்கள் முருங்கை, நிலக்கடலை, காய்கறி என்று போகலாம். முதலில் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதியுங்கள். தோட்டம் முழுவதையும் ஒரே போகத்தில் மாற்ற வேண்டாம். கால் ஏக்கரில் தொடங்கி, விலையும் சந்தையும் பார்த்து விரிவாக்குங்கள்.

கடன் இருக்கும்வரை, வேறு பயிர் கைவரும்வரை, புகையிலை போடுகிறவரை நான் பழிக்கமாட்டேன். கையுறை போட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, வேலையைப் பத்திரமாகச் செய்யுங்கள். ஆனால் வீட்டுக்கென்று எடுத்து வைக்கும் அந்த ஒரு கட்டை மட்டும் இந்த அறுவடையில் எடுத்து வைக்காதீர்கள். பரணில் இலை இல்லாத வீட்டில், பிள்ளைகள் அதைத் தொட்டுப் பழகவும் வழி இருக்காது.