மடல் எழுதியோரும் மாண்டு போனோரும்

சென்னையில் ஆர்மீனியர் தெரு என்றொரு தெரு உண்டு. அதனை நம் மக்கள் ‘அரண்மனைக்காரன் தெரு’ என்றே வழங்கினர். அங்கு அரண்மனையும் இல்லை; அரண்மனைக்காரனும் இல்லை. அங்கு வாழ்ந்த வணிக இனத்தின் பெயர் செவிக்குப் பிடிபடாமையால், அறிந்த சொல்லொன்று அதன்மேல் ஏறிக்கொண்டது. ஆர்மீனிய மொழியின் முதல் இதழாகிய ‘அசுதரார்’ 1794-ஆம் ஆண்டு இச்சென்னையில்தான் அச்சேறியது என்பதையும் நம்மில் பலர் அறியார். செவி செய்த அப்பிழையால் எவர்க்கும் தீங்கில்லை. ஆனால், அவ்வினத்தின் தாய்மண்ணில் ஓர் அரசு வேண்டுமென்றே பெயரை மாற்றிச் சொல்லிற்று. அதனால் பழியும் ஆள்மாறிப் போயிற்று. அதனையே இங்கு எழுத விழைகின்றோம்.

உதுமானியப் பேரரசின் கிழக்கே எர்சுரூம், வான், பித்லிசு, தியார்பக்கிர், கார்புத்து, சீவாசு எனும் ஆறு மாநிலங்களில் ஆர்மீனியரும் குர்தியரும் பன்னூறு ஆண்டுகளாக அடுத்தடுத்து வாழ்ந்தனர். ஆர்மீனியருள் பெரும்பாலோர் உழவர், கிறித்தவர். குர்தியருள் பலர் மந்தை மேய்க்கும் மலைக்குடியினர், இசுலாமியர். பேரரசின் குடிக்கணக்கோ மக்களை மொழியால் பிரிக்கவில்லை, சமயத்தால் பிரித்தது. ஆர்மீனியன் ஒரு திருச்சபையின் உறுப்பாக எண்ணப்பட்டான். குர்தியன் துருக்கியனோடும் அரபியனோடும் சேர்த்து இசுலாமியன் என்று மட்டும் எண்ணப்பட்டான். அவ்வேட்டில் அவனுக்கென்று ஓர் இனப்பெயர் இல்லை.

1878 சூலைத் திங்களில் பெர்லின் உடன்படிக்கை எழுந்தது. அதன் 61-ஆம் பிரிவு, ஆர்மீனியர் வாழும் மாநிலங்களில் சீர்திருத்தம் செய்யவும், குர்தியரிடமிருந்தும் சர்க்காசியரிடமிருந்தும் அவர்களைக் காக்கவும் சுல்தானின் அரசைக் கடமைப்படுத்தியது. அதனைக் கண்காணிக்கும் பொறுப்பை வல்லரசுகள் ஏற்றன. அதற்கு ஒரு திங்கள் முன்னரே, துருக்கியின் ஆசிய நிலங்களைக் காப்பதாகச் சொல்லிப் பிரித்தானியா சைப்பிரசுத் தீவைத் தன் ஆட்சிக்குக் கொண்டுவிட்டது. அங்கும் சீர்திருத்த உறுதியே பேசப்பட்டது. தீவு உடனே கைமாறிற்று; சீர்திருத்தம் மட்டும் வந்தபாடில்லை.

அந்த 61-ஆம் பிரிவின் சொல்லமைப்பை உற்று நோக்குக. எவனிடமிருந்து காக்க வேண்டும் என்று அது குர்தியனைப் பெயர் சுட்டிக் கூறுகின்றது. காக்கும் பொறுப்பையோ சுல்தானின் கையில் தருகின்றது. அச்சுல்தானே தீங்கின் வேராயின் யாது செய்வது என்பதற்கு அவ்வுடன்படிக்கையில் விடை இல்லை.

1879-இல் பிரித்தானியா தன் படை அலுவலர் சிலரைத் துணைத்தூதராக அங்கே அமர்த்தியது. எர்சுரூமில் திராட்டர், வானில் கிளேட்டன், வேறிடத்தில் வில்சன் என அவர்கள் ஊர் ஊராகச் சென்று கண்டதை எழுதினர். பனிக்காலத்தில் குர்தியக் குடிகளும் மந்தைகளும் ஆர்மீனியச் சிற்றூர்களில் கட்டாயமாகத் தங்கவைக்கப்படுவது, உழவன் அரசுக்கு ஒரு வரியும் மலைத்தலைவனுக்கு ஒரு திறையும் இறுப்பது, கிறித்தவன் சான்று அறமன்றத்தில் ஏறாமை, காவலர்க்குச் சம்பளமின்மை ஆகியன அம்மடல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றன. குர்தியனைப் பிறவிக் கொள்ளையன் என இழித்தெழுதிய மடல்களும் உண்டு. எனினும், அக்குர்தியனின் குரலும் அவர்கள் காதில் விழாமல் இல்லை. 1880-இல் கிளர்ந்தெழுந்த சேக்கு உபைதுல்லா, குர்தியர் ஒரு தனி மக்களினம் என்றும் தம்மைத் தாமே ஆள விரும்புகின்றனர் என்றும் அமெரிக்க மருத்துவத் தொண்டர் காக்ரனுக்கு எழுதினார். அதுவும் அறிக்கைகளோடு அறிக்கையாய் இலண்டன் சேர்ந்தது. 1882-இல் பிரித்தானியா அப்படைத் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

1891-இல் சுல்தான் அப்துல் அமீது, குர்தியக் குடிகளைக் கொண்டு ‘அமீதியே’ எனும் குதிரைப் படைகளைத் தம் பெயராலேயே அமைத்தார். குர்தியத் தலைவனுக்குத் துமுக்கியும் சீருடையும் வந்தன. பொது அறமன்றங்களின் பிடியிலிருந்து விலக்கும் வந்தது. ஆர்மீனியனோ படைக்கலன் ஏந்தக்கூடாது. ஒருவன் கையில் படைக்கலனைக் கொடுத்து மற்றொருவன் கையைக் கட்டிவிட்ட பின், நிகழ்வதற்கு ‘இனப்பூசல்’ என்று பெயரிடுதல் எவ்வகை அறம்?

சாசூன் மலையில் அது வெளிப்பட்டது. குர்தியத் தலைவர்க்குத் திறை இறுத்தபின் அரசுக்கும் வரி இறுக்க இயலாது என்று ஆர்மீனிய உழவர் மறுத்தனர். 1894 ஆகத்தில் ஒழுங்குபெற்ற துருக்கிப் படையே அங்கு ஏவப்பட்டது; ஊர்கள் அழிந்தன. வானிலிருந்த பிரித்தானியத் துணைத்தூதர் ஆல்வர்டு நேரிற்சென்று காண முயன்றார். கொள்ளைநோய் என்று சொல்லி வழியை அடைத்தனர். ஆர்மீனியரைத் தூண்டிவிட்டவரே அவர்தாம் என்று பழியும் சுமத்தினர். 1895-இல் மூசு நகரில் உசாவற்குழு அமர்ந்தது. பிரித்தானிய, பிரெஞ்சு, உருசியச் சார்பாளர்கள் உடனிருக்க மட்டுமே இசைவு பெற்றனர். ஆயினும் ஆட்சியாளரின் பொறுப்பை அவர்கள் தம் அறிக்கையில் மறைக்கவில்லை.

பயன் என்ன? அவ்வாண்டு அக்தோபரில் சுல்தான் சீர்திருத்தத் திட்டத்திற்கு ஒப்பினார்; அதே திங்களில் அம்மாநிலங்களில் கொலை பரவத் தொடங்கிற்று. தியார்பக்கிரில் பிரெஞ்சுத் துணைத்தூதர் மெயிரியே தம் மனையைத் திறந்துவிட்டுப் பல நூற்றுவரைக் காத்தார். உருபா நகரின் ஆர்மீனியப் பெருங்கோயிலுக்குள் புகலடைந்த ஏறத்தாழ 3,000 பேர் திசம்பர் இறுதியில் எரியுண்டதைப் பிட்சுமாரிசு எழுதினார். பிரித்தானிய நாடாளுமன்றம் தூதர் மடல்களை நீலநூல்களாக அச்சிட்டது. வல்லரசுகள் ஒன்றையொன்று ஐயுற்றுக் கைகட்டி நின்றன. 1894 முதல் 1896 வரை மாண்டோர் 80,000 முதல் 3,00,000 வரை எனக் கணிக்கப்படுகின்றனர்.

தூதர்கள் பொய்யர் என்று நாம் கூறவில்லை. பலர் நேர்மையாளர், சிலர் துணிவாளர். அவர்கள் எழுதியிராவிடின் சான்றே எஞ்சியிராது. ஆனால் தூதன் எவன் ஊதியம் பெறுகின்றானோ அவன் நலத்திற்கே அவன் மடல் பயன்படும். 1915-இலும் இதுவே நிகழ்ந்தது. கார்புத்தில் அமெரிக்கத் தூதர் தேவிசும், அலப்போவில் செருமானியத் தூதர் இரோசுலரும் கண்டதை எழுதினர். செருமனி துருக்கியின் போர்த்துணையாதலின் அதன் அரசு அசையவில்லை. ஓரினமே தன் தாய்மண்ணிலிருந்து துடைத்தெறியப்பட்டது.

அக்கொடுமையில் குர்தியர் பலர்க்குப் பங்குண்டு. அதனை மறைத்தல் கூடாது. தேர்சிம் மலைக் குர்தியர் ஆர்மீனியர்க்குப் புகலளித்ததும் உண்மை. அதனையும் மறத்தல் கூடாது. அந்தத் தேர்சிம் 1937-38-இல் துருக்கிக் குடியரசின் படையால் அழிக்கப்பட்டது. ஆர்மீனியன் அகன்ற மண்ணில் குர்தியனுக்குக் கிடைத்தது என்ன? 1920-இல் செவ்ர் உடன்படிக்கையில் சுட்டப்பட்ட குர்திய நாடு 1923-இல் உலோசானில் காணாமற் போயிற்று. அவன் ‘மலைத்துருக்கன்’ எனப் பெயர் மாற்றப்பட்டான். 1983-இல் அவன் தாய்மொழியைத் தடுக்கச் சட்டமே வந்தது. 1991 வரை அது நின்றது. அடுத்தவனை ஒழிக்கக் கருவியாய் உதவியவனின் மொழியே அடுத்த இரையாயிற்று.

தன் இன்னலைத் தன் மொழியில் தானே எழுதாத இனம் பிறன் மடலில் ஒரு வரியாகவே முடியும். எழுதியும் தன்னைத் தான் காக்கும் வலிவில்லையேல், அவ்வரி சான்றாகுமேயன்றிக் காவலாகாது. அண்டையினத்தின்மேல் பகை மூட்டிப் படைக்கலன் நீட்டும் அரசை நோக்கி, “இது எவன் போர்?” என்று முதலில் கேட்கத் தெரிந்த இனமே தன் பெயரோடு வாழும்.