பழைய பண்ணையும் சங்கத்தின் முதலும்

இறால் வளர்க்கும் அங்கத்தினர்கள் தொழிலைப் பெருக்க விரும்புவது இயல்பே. புதிதாகக் குளம் வெட்டுவதினும், பிறர் கைவிட்ட பண்ணையை வாங்கிச் சீர்திருத்துவதே மேல் என்பது நமது அபிப்பிராயம். அதனால் விளைநிலமும் அலையாத்திக் காடும் அழியாமல் தப்பும். ஆயினும், கரையும் மதகும் மலிவாகக் கிடைக்கின்றன என்பதற்காகப் பங்குத்தொகையை எடுத்துக் கொடுத்துவிடலாகாது. அப்பண்ணை ஏன் கைவிடப்பட்டது என்பதே முதற்கேள்வி.

நாகப்பட்டினம் முதலிய கரையோரப் பகுதிகளில் 1990களின் முற்பாதியில் பண்ணைகள் பெருகின. விரைவிலேயே வெள்ளைப்புள்ளி நோய் புகுந்து புலி இறாலை மாய்த்தது. 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்காற்று மண்டலத்தில் மரபுவழியல்லாத பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. 2005இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டுப் பதிவு கட்டாயமாயிற்று. 2009இல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தபின் பல குளங்கள் மீண்டும் நீர் கண்டன.

ஆகவே, நோயால் நின்ற குளத்தைத் திருத்தலாம். கடனால் நின்றதை வில்லங்கம் தீர்த்து வாங்கலாம். சட்டத்தால் நின்றதை எவ்வளவு பணம் கொட்டியும் திருத்த இயலாது. பதிவு நம் பெயரில் கிடைக்குமா என்பதைக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்திடம் கேட்டறிந்த பின்னரே முன்பணம் தருதல் வேண்டும். அருகிலுள்ள குடிநீர்க் கிணறுகளையும் வயல்களையும் உவர் தாக்குமாயின், அப்பண்ணை நமக்கு வேண்டுவதில்லை.

சீர்திருத்தமும் எளிதன்று. கறுப்புச் சேற்றை அகற்றி, வெடிப்பு விழும்வரை அடிமண்ணைக் காயவிட்டு, புளிப்புக்கேற்பச் சுண்ணாம்பு இடவேண்டும். வெள்ளைப்புள்ளிக்கு மருந்தில்லை, நண்டு அதைச் சுமந்து வரும். ஆதலால் வளைகளை அடைத்துக் கரையைச் சுற்றி வேலி கட்டவேண்டும். குஞ்சுகளைச் சோதித்தபின்பே குளத்தில் விடவேண்டும். கழிவுநீரைத் தேக்கித் தெளியவைக்க ஒரு குளம் ஒதுக்கவேண்டும்.

இவையெல்லாம் கொள்முதல் விலையில் அடங்காத செலவுகள். விலையிலேயே முதல் முழுவதும் முடங்கினால், தீனிக்கு வியாபாரியிடம் கடன். கடனுக்கு அறுவடையே ஈடு. நூலைக் கடனாகத் தந்தவனே சேலைக்கும் விலை கூறிய காலத்தை நெசவாளர் அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நிலையிலிருந்து மீளத்தானே சங்கம் கண்டோம்?

எனவே, முதலில் ஒரு பருவத்துக்குக் குத்தகை எடுப்போம். வாங்கும் உரிமையையும் விலையையும் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வோம். அப்பருவத்தின் வரவு செலவைப் பொதுக்குழு கண்டபின் கிரயம் பேசுவோம். குளம் ஓர் ஆண்டு காத்திருக்கும். இழந்த பங்குத்தொகை எளிதில் திரும்பாது.