விதையைக் காப்போம், புகையை ஏற்க வேண்டாம்

‘பாரம்பரியம்’ என்ற சொல்லுக்கு நம் மக்களிடையே தனி மதிப்பு உண்டு. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி போன்ற நெல் வகைகள் வயலுக்குத் திரும்பியபோது நாம் மகிழ்ந்தோம். இப்போது அதே சொல் புகையிலைக்கும் சூட்டப்படுகிறது. வழக்கொழிந்த புகையிலை ரகங்களை மீட்டெடுத்து, அவற்றை விலையுயர்ந்த சுருட்டுகளாக விற்கும் முயற்சி அயல்நாடுகளில் நடைபெறுகிறது. ஊருக்கு வரும் உறவினர் அத்தகைய சுருட்டுகளை மரப்பெட்டியில் வைத்துப் பரிசளிப்பதும் உண்டு. “இது சிகரெட் அன்று; புகையை உள்ளே இழுப்பதும் இல்லை. ஒன்று பிடித்தால் என்ன?” என்று கேட்போருக்காகவே இதனை எழுதுகிறோம்.

கியூபாவின் ‘கொரோஹோ’ என்னும் ரகத்தின் வரலாறு சுவையானது. பினார் தெல் ரியோ மாநிலத்தில் அதே பெயர் கொண்ட பண்ணையில் உருவாக்கப்பட்ட இவ்விலை, பல பத்தாண்டுகள் புகழ்பெற்ற சுருட்டுகளின் மேலுறையாக விளங்கியது. ஆயினும் நீலப்பூஞ்சை நோயைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. 1979–80ஆம் ஆண்டுகளில் அந்நோய் கியூபாவின் புகையிலை விளைச்சலைப் பெரிதும் அழித்தது. 1990களில் நோயெதிர்ப்புத் திறன் கொண்ட ‘ஹபானா 2000’ போன்ற கலப்பினங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. பழைய கொரோஹோவின் வழிவந்த விதைகளை ஹோண்டுராஸ் நாட்டின் ஹமஸ்த்ரான் பள்ளத்தாக்கில் சிலர் பயிரிட்டு, பழஞ்சுவை மீண்டது என்று விற்றனர்.

ஒரு தாவர ரகம் அழியாமல் காக்கப்படுவதை நாங்கள் குறை கூறவில்லை. வைரஸ் என்பதை அறிவியல் முதன்முதலில் அறிந்துகொண்டதே, 1890களில் புகையிலைச் செடியின் தேமல் நோயை ஆராய்ந்தபோதுதான். சுருட்டுத் தொழிலும் நமக்கு அந்நியமானதன்று. ஆங்கிலத்தின் ‘செரூட்’ என்ற சொல் தமிழின் ‘சுருட்டு’ என்பதிலிருந்து பிறந்தது. 1887இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல் துப்பாக அமைகிறது. உழவரின் அறிவும் சுருட்டுவோரின் கைத்திறனும் மதிப்பிற்குரியவை. விதைக்கும் வரலாற்றுக்கும் உரிய அந்த மதிப்பைப் புகைக்கு அளிப்பதையே நாங்கள் மறுக்கிறோம்.

பாரம்பரிய நெல் உணவாகிறது. பாரம்பரியப் புகையிலையோ எரிக்கப்படுகிறது. எந்த ரகத்து இலை எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடும் தாரும் தோன்றும். சுருட்டு இலைக்கு மணமூட்டும் நீண்ட நொதித்தலின்போது, புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் உருவாகின்றன. சுருட்டுப் புகை காரத்தன்மை மிக்கதாதலால், புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகவே குருதியில் கலக்கிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பெட்டி அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களுக்குச் சுருட்டும் காரணமாகிறது. விலையும் விதையின் வயதும் இவற்றுள் எதனையும் மாற்றுவதில்லை.

நோயாளியைப் பேணும் குடும்பத்தினரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இதய சிகிச்சை பெற்றவருக்கோ, அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கோ அன்பின் பெயரால் சுருட்டுப் பெட்டியை நீட்டாதீர்கள். அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே புகையை நிறுத்தினால், அதன்பின் நேரும் சிக்கல்கள் குறைகின்றன. புண் நன்றாக ஆறுகிறது. வேறொருவர் அதே அறையில் புகைத்தாலும் நோயாளியின் நுரையீரலும் இதயமும் பாதிக்கப்படும். “ஒன்றே ஒன்று” என்று தொடங்குவது, விட்ட பழக்கத்தை மீண்டும் அழைத்து வருவதை நாங்கள் அறிவோம்.

புகைப்பவரைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. நிக்கோடினுக்கு அடிமையாதல் ஒரு நோய். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உள்ளன. புகையை நிறுத்திய ஓரிரு நாள்களிலேயே குருதியில் கார்பன் மோனாக்சைடின் அளவு இயல்புக்குத் திரும்புகிறது. மாதங்கள் செல்லச் செல்ல மூச்சுத்திணறலும் இருமலும் தணிகின்றன. உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கூறுங்கள்; அல்லது 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழையுங்கள்.

பழைய விதைகள் விதை வங்கிகளில் நெடுங்காலம் வாழட்டும். அவற்றின் வரலாற்றை நாம் படித்து மகிழலாம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்ல வேண்டிய பாரம்பரியம், புகை இல்லாத வீடே ஆகும்.