பட்டறையும் கல்லூரியே

நுழையும்முன்

கலை கற்பிக்கும் இடங்கள் இருவகை. மூத்தவர் உளிபிடிக்க இளையவர் அருகிருந்து பார்த்துப் பழகும் பட்டறை ஒன்று. பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் உடைய கல்லூரி மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமல் தனித்து இயங்குவது முறையா? கள்ளக்குறிச்சி மரச்சிற்பக் கலையையும் சென்னைக் கவின்கலைக் கல்லூரியின் வரலாற்றையும் அருகருகே வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

உளி கற்பிக்கும் பாடம்

மேற்கே கல்வராயன் மலைத்தொடர் எழுந்து நிற்க, அதன் கிழக்கே விரிந்த சமவெளியில் அமைந்துள்ளது கள்ளக்குறிச்சி. 2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதிக்கு அதனினும் பழைய அடையாளம் ஒன்று உண்டு; அது மரச்சிற்பம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் வாகை முதலிய மரங்களில் தெய்வத் திருவுருவங்களையும் அணிவேலைப்பாடுகளையும் செதுக்கும் கலைஞர்கள் வாழ்கின்றனர். 2021ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அப்பட்டறைகளில் நிகழ்வது வெறும் கைவேலை என எண்ணுவோர் பலர். அருகிருந்து நோக்கினால் அது ஓர் ஆழ்ந்த கல்வி என்பது விளங்கும். மரத்தின் வைரம் எது, வெளிறு எது என்று பிரித்தறிவதே முதற்பாடம். நார் ஓடும் திசையறிந்து உளியைச் செலுத்துவது அடுத்த பாடம். திசை மாறினால் மரம் பிளந்து, பல நாள் உழைப்பு ஒரு நொடியில் வீணாகும். இப்பாடத்தில் பிழைதிருத்தத்துக்கு இடமில்லை. செதுக்கி எறிந்ததை மீண்டும் ஒட்ட இயலாது.

அடுத்து வருவது கணக்கு. சிற்ப மரபில் முகத்தின் நீளம் தாலம் எனப்படும். ஒரு தாலம் 12 அங்குலம். இவ்வங்குலம் கடையில் விற்கும் அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று. செய்யவிருக்கும் உருவத்தின் உயரத்தைப் பகுத்துப் பெறும் பங்கு. ஒன்பது தாலம் கொண்ட உருவம் 108 பங்காகப் பகுக்கப்படும். பத்துத் தாலத்துக்குரிய 120 பங்கோடு மேலும் 4 பங்கு சேர்ந்த 124 பங்கு அளவை உத்தம தசதாலம் என்பர். ஆகவே, படிமம் சாண் உயரமாயினும் ஆள் உயரமாயினும் அதன் விகிதம் மாறுவதில்லை. கணித வகுப்பில் விகிதசமம் என்று படிப்பதைப் பட்டறையில் பழகும் இளைஞர் விரல்நுனியில் வைத்திருக்கிறார்.

இத்தகைய அறிவுடைய ஒருவர் தம்மைப் 'படிக்காதவர்' என்று சொல்லிக்கொள்ளும் நிலையே வருந்தத்தக்கது. அவ்வாறு சொல்லும்படி அவரைப் பழக்கியது எது? விடை காண, கலைக்கல்லூரிகள் பிறந்த கதையை அறிய வேண்டும்.

கைத்தொழிலுக்காகப் பிறந்த பள்ளி

1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் சொந்த முயற்சியால் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே தொழிற்கலைப் பள்ளியும் அதனுடன் சேர்ந்தது. 1852ஆம் ஆண்டு அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று சென்னையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அப்பள்ளியே. இந்தியாவின் மிகப் பழைய கலைக்கல்வி நிறுவனங்களுள் அதுவும் ஒன்று.

அதன் தொடக்ககால நோக்கம் ஓவியர்களை உருவாக்குவதோடு நின்றுவிடவில்லை. கைத்தொழில்களைச் செம்மையாக்குவதும் அதன் நோக்கமாக இருந்தது. 1884ஆம் ஆண்டு பொறுப்பேற்ற இ.பி. ஹேவல், சென்னை மாகாணத்தின் கைத்தொழில்களை நேரில் ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். பின்னர்க் கல்கத்தாவில் பணியாற்றியபோது, இந்திய மாணவர் இந்திய மரபிலிருந்தே கலை பயில வேண்டும் என்று அவர் வாதிட்டதற்கு, இங்குக் கண்ட கைவினைஞர்களின் திறனும் ஒரு காரணம் எனக் கருதலாம். 1898ஆம் ஆண்டு ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கியதும் இப்பள்ளியில்தான். அடுப்பங்கரைப் பாத்திரமும் கலைப்பள்ளியின் கவனத்துக்குரியதாய் இருந்த காலம் அது.

பின்னர்ப் பள்ளியின் போக்கு படிப்படியாக மாறியது. முதல் இந்திய முதல்வராகப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி காலத்தில் ஓவியமும் சிற்பமும் தனிமனிதப் படைப்புகளாக உயர்ந்தன. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் படைத்ததே. அவருக்குப்பின் கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் சென்னைக் கலை தனக்கென ஒரு முகம் பெற்றது. இவ்வளர்ச்சி போற்றத்தக்கது. எனினும், கலைஞர் ஒருபுறமும் கைவினைஞர் மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும் நிலையும் இக்காலத்தில்தான் வலுப்பட்டது.

ஐரோப்பா கற்ற பாடம்

இப்பிரிவினை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் 1662ஆம் ஆண்டு தோன்றிய கலைக்கழகம் இன்றும் இயங்குகிறது. அத்தகைய கலைக்கழகங்கள் ஓவியரையும் சிற்பியரையும் தொழிற்குழுக்களின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து அறிஞருக்குரிய மதிப்பை அளித்தன. ஆனால், அம்மதிப்புத் தச்சருக்கும் குயவருக்கும் கிட்டவில்லை.

அக்குறையை உணர்ந்து அதே நாட்டில் 1919ஆம் ஆண்டு வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பள்ளி பௌஹவுஸ். கலைஞருக்கும் கைவினைஞருக்கும் அடிப்படை வேறுபாடு இல்லை என்பது அப்பள்ளியின் கொள்கை. எனவே, அதன் பயிற்சிக்கூடங்களில் வடிவம் கற்பிக்க ஓவியரும் தொழில் கற்பிக்கக் கைவினைஞரும் என இரண்டு ஆசிரியர்கள் இருந்தனர். நாஜிகளின் நெருக்குதலால் 1933ஆம் ஆண்டு அப்பள்ளி மூடப்பட்டது. பதினான்கு ஆண்டுகளே இயங்கிய அது, உலகெங்கும் கட்டடக்கலையிலும் பொருள் வடிவமைப்பிலும் தன் தடத்தைப் பதித்தது.

சென்னையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1966ஆம் ஆண்டு பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினர். அக்கலைஞர்களுக்கு வாழ்வளித்தது பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களின் விற்பனை. ஓவியத்தைக் கைவினை தாங்கிப் பிடித்தது என்பதே அதன் பொருள்.

எதிர்வாதமும் விடையும்

பட்டறைக் கல்வியைப் போற்றினால், பிள்ளைகளைக் குலத்தொழிலுக்குள் மீண்டும் அடைப்பதாகாதா என்று சிலர் வினவலாம். அவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. 1953ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட தொடக்கக்கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் பழகச் செய்தது. அது குலக்கல்வி எனக் கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954ஆம் ஆண்டு கைவிடப்பட்டது. பிறப்பை வைத்துத் தொழிலை வரையறுக்கும் எந்த ஏற்பாடும் கல்வியாகாது என்பதைத் தமிழ்நாடு அன்றே தெளிந்து உரைத்தது.

பட்டறையின் குறையும் அதுவே. பெரும்பாலும் அங்கே குடும்பத்தாரே பழகுகின்றனர்; பெண்களுக்கும் பிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அதன் கதவு எளிதில் திறப்பதில்லை. வருவாயும் நிலையானதன்று. ஆதலால், தம் மக்கள் வேறு படிப்பை நாட வேண்டும் என்று ஒரு சிற்பி விரும்பினால் அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

கல்லூரியின் சிறப்போ இதற்கு மறுதலையானது. எக்குடியில் பிறந்தவராயினும் ஆர்வமுடையார் எவரும் அங்குச் சேரலாம். ஆனால், தலைமுறை தலைமுறையாகத் திரண்ட கைப்பழக்கத்தைச் சில ஆண்டுப் பாடத்திட்டம் மட்டும் தந்துவிடாது. பட்டறையில் அறிவு உண்டு, வாயில் குறுகியது. கல்லூரியில் வாயில் அகன்றது, அக்கைப்பழக்கம் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதே அறிவுடைமை. கல்லூரி வழியாகக் கற்கும்போது உளி பிறப்பால் வந்து சேர்வதில்லை, விருப்பத்தால் தேர்ந்தெடுக்கப்படுகிறது. குலக்கல்விக்கும் கலைக்கல்விக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

செய்யத்தக்கன

இதற்கான தொடக்கம் முன்பே நிகழ்ந்துள்ளது. 1957ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய கல்லூரி, மரபுவழிக் கட்டடக்கலையையும் சிற்பக்கலையையும் வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. அம்முயற்சி சிற்பியர் வாழும் ஊர்களை நோக்கி நீள வேண்டும்.

முதலாவதாக, பல்லாண்டுப் பயிற்சியுடைய மரச்சிற்பியரைக் கலைக்கல்லூரிகள் ஆசிரியராக அமர்த்த வேண்டும். அவர்தம் தகுதியைப் பட்டத்தால் அளவாமல் படைப்பால் அளவிட வேண்டும். இரண்டாவதாக, கல்லூரி மாணவர் ஒரு பருவமேனும் கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களின் பட்டறைகளில் தங்கிப் பயில வேண்டும். கற்பிக்கும் சிற்பிக்கு அதற்குரிய ஊதியம் வழங்கப்பட வேண்டும். மூன்றாவதாக, பட்டறையில் கழிந்த பயிற்சி ஆண்டுகளைக் கல்லூரிச் சேர்க்கையின்போது மதிப்பெண்ணாகக் கருத வேண்டும். நான்காவதாக, சிற்பியர் நினைவில் மட்டும் வாழும் அளவுமுறைகளையும் வரைபடங்களையும் மாணவர்களைக் கொண்டு ஆவணமாக்க வேண்டும்.

புவிசார் குறியீடு ஒரு பொருளின் பெயரைக் காக்கும். போலிகள் அப்பெயரில் விற்கப்படுவதைத் தடுக்கும். அப்பொருளைச் செய்யும் அறிவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்பது அதன் வேலையன்று. அது கல்வியின் வேலை. கற்பார் இல்லாவிடில் பெயர் மட்டும் பதிவேட்டில் எஞ்சும், கலை மறையும்.

தம் வட்டாரத்தில் உளியோசை கேட்கும் தெரு ஒன்று இருக்குமாயின், மாணவர் அங்கு ஒருநாள் செல்லலாம். கையேடும் எழுதுகோலும் கொண்டு, சிற்பியை ஆசிரியராக எண்ணி வணங்கி, வினாக்கள் கேட்கலாம். தம்மைப் படிக்காதவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், அன்று தாம் ஓர் ஆசிரியர் என உணர்வார். கல்லூரியும் பட்டறையும் ஒன்றாகும் நாள் அங்கிருந்தே தொடங்கும்.