நோயும் முதலாளியின் பதிவேடும்

கொள்ளைநோய்க் காலத்தில் அந்தரங்கம் பேசுவது ஆடம்பரம் என்று வாதிடுவோர் இன்றும் உளர். ஊருக்குத் தொற்றும் நோயைத் தொழிலாளி மறைக்கலாமா என்பது அவர்தம் கேள்வி. மறைக்கலாகாது என்பதே நமது விடையும். ஆயின் யாரிடம் சொல்வது? நோயை அறியவேண்டியவர் சுகாதார வைத்திய அதிகாரி. இவள் இன்று வேலைக்கு வரலாமா, கூடாதா என்பதற்குமேல் முதலாளி அறியவேண்டியது யாதுமில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவதிலேதான் சூது இருக்கிறது.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையொன்றில் கொரோனா பரவியது. சில நாட்களுள் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் நோயுற்றனர். முதலிற் கண்டறியப்பட்ட பெண்ணைப்பற்றி முகநூல் பேசாத பேச்சில்லை. கட்டுநாயக்கா வலயத்தையடுத்த விடுதிகளில் இரவிலே படையினர் வந்து, சில நிமிட அவகாசத்தில் பெண்களை பஸ்களில் ஏற்றிச் சென்றனர். காய்ச்சலுடனும் தம்மை வேலைவாங்கினர் என்று தொழிலாளர் செய்த முறைப்பாடோ அத்துணை விரைவாகப் பரவவில்லை. தொழிற்சாலையின் கணக்கு வியாபார இரகசியம். தையற்காரியின் உடற்சூடு ஊர்ச்சொத்து!

அதே மாதத்தில், ஆடை விற்கும் எச் அன்ட் எம் நிறுவனத்துக்கு ஜெர்மனியில் 3 கோடியே 53 லட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. நியூரம்பேர்க்கில் நோய்விடுமுறை கழிந்து திரும்பிய ஊழியரிடம் அன்பொழுகப் பேசி, அவர்தம் நோய்க்குறிகளை மேலாளர் குறித்து வைத்தமையே குற்றம். வேலையில் நீடிப்பதா என்ற முடிவுக்கும் அக்குறிப்புகள் உதவின. நலம் விசாரிப்பு எங்கே போய் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் நாட்டில் அன்று இதற்கெனச் சட்டமில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதார விபரங்களைச் சிறப்புவகைத் தரவாக வகுத்தது. நன்று. ஆயினும் வாயிலில் நீட்டப்படும் படிவத்தை மறுக்கும் பெண்ணுக்கு அன்றைய சம்பளத்தை யார் கொடுப்பர்? சங்கமில்லாத இடத்தில் சட்டம் வெறுந் தாளே.

நாமும் குற்றமற்றவரல்லர். பாடசாலை வாயிலில் வெப்பமானியுடன் நின்று, பெயருக்கெதிரே சூட்டைக் கொப்பியில் எழுதியவர் நாமே. அக்கொப்பி எங்கே போனதென்று நாம் தேடவுமில்லை. தொழிற்சாலைகளில் எழுதப்பட்டவை எங்கே? அழிக்கப்பட்டனவா, அன்றி ஆட்குறைப்பு நாளை எதிர்பார்த்து அலுமாரியில் உறங்குகின்றனவா? தொழிற்சங்கங்கள் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.